டாக்டர் சொன்னதில் நான் விழுங்கியது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் பிள்ளைகளா, எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பேச வராது. வார்டில் நின்று நின்றே பழகிய கால். நாற்காலி போட்டிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் பாதிப் பேச்சில் எழுந்து ஜன்னல் வரைக்கும் போவேன், வருவேன். நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம். எழுதப் படிக்கவும் வராது. நான் பேசுவதை என் மருமகன் எழுதிக்கொள்கிறார். என் பேச்சுக்குத் தலைவாரிப் பொட்டு வைத்துத்தான் உங்களிடம் அனுப்புவார். பொய் மட்டும் சேர்க்க மாட்டார்.

கல்கத்தா பக்கத்திலிருந்து வைத்தியத்துக்காக ரயிலேறி வரும் வங்காளிகளுக்கும், இங்கே சென்னையில் இருக்கும் டாக்டர்களுக்கும் நடுவே நின்று பேசுகிற வேலைக்கு நீங்கள் ஆறு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நான் இதே வேலையைத் திருப்பிப் போட்டுச் செய்தவள். கல்கத்தாவில் துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் வங்காளி, நோயாளி தமிழ். துறைமுகம், வங்கி, ரயில்வே என்று மாற்றலாகி வந்த நம் ஆட்கள் அங்கே நிறைய. நடுவில் நான். உங்களுக்குக் கழுத்தில் அட்டை தொங்குகிறது, அதில் வேலையின் பெயர் போட்டிருக்கிறதாம். என் வேலைக்குப் பெயரே கிடையாது. நான் ஆயா. பெட்பேன் வைப்பேன், உடம்பு துடைப்பேன். யாராவது வந்து, "மாஷி, உங்க மதராஸிக்காரங்க வந்திருக்காங்க" என்று கூப்பிட்டால் கையைக் கழுவிக்கொண்டு போய் நிற்பேன். அங்கே ஆயாக்களை மாஷி என்பார்கள், சித்தி என்று அர்த்தம். அத்தனை வருஷம் ஒரு ஊருக்கே சித்தியாக இருந்திருக்கிறேன், நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

வங்காளம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பதினேழு வயதில் கல்யாணமாகித் தூத்துக்குடியிலிருந்து போனேன். வீட்டுக்காரருக்கு அங்கே துறைமுகத்தில் மூட்டை வேலை. கிடர்பூர் சந்தையில் மீன்காரியிடம் பேரம் பேசிப் பேசியே பாஷை வந்தது. அதனால் முதல் இரண்டு வருஷம் நான் நலம் விசாரித்தால்கூடச் சண்டைக்கு வருகிற மாதிரி இருந்ததாம். அப்புறம் தேறிவிட்டேன்.

நான் சொல்ல வந்தது என்னுடைய ஒரு தப்பைப் பற்றி. மாலா என்று ஒரு பெண், வயிற்றில் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு ஒரு பெரிய நோய் ஒட்டாமல் தடுக்க வழி இருந்தது. அந்த வழியை டாக்டர் வாய்விட்டுச் சொன்னார். அது என் காதுக்குள் வந்தது, என் வாயிலிருந்து வெளியே போகவில்லை.

இருங்கள். அதற்கு முன்னால் இருமல் மருந்துக்காரரைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன்.

அவர் ஒரு வங்கி அதிகாரி. நல்ல உயரம், இஸ்திரி போட்ட பைஜாமா, நர்ஸுகளிடம்கூட இங்கிலீஷ். வயிற்றில் ஆபரேஷன். மயக்கம் கொடுக்கிற டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "இவர் குடிப்பாரா, தூளோ மாத்திரையோ மருந்தோ போதைக்காக எடுப்பாரா, அவர் மனைவியிடம் கேளுங்கள்" என்றார். நான் அந்த அம்மாள் பக்கம் திரும்பி, "சாருக்குக் கெட்ட பழக்கம் ஏதாவது உண்டாம்மா?" என்றேன்.

"என்ன கேள்வி இது? காபியே அரை டம்ளர்தான். ஆபீஸ் விட்டு வந்தா பூஜை ரூமை விட்டு வெளியவே வரமாட்டார்."

"இல்லையாம்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் மனுஷருக்கு வியர்த்துக் கொட்டுகிறது, மூக்கு ஒழுகுகிறது, காலை உதைக்கிறார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வார்டே அதிரக் கத்துகிறார். உள்ளே தையல் விட்டுவிட்டது, மறுபடி திறந்துதான் பார்க்க வேண்டும் என்று டாக்டர்கள் ஆயத்தமாகிவிட்டார்கள். ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. அப்போதுதான் அந்த அம்மாள் என் முந்தானையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "தினம் ஒரு பாட்டில் இருமல் மருந்து குடிப்பார். இருமலே கிடையாது. பாட்டிலெல்லாம் பூஜை ரூம்லதான் இருக்கு." நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்! ஸ்ட்ரெச்சருக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றேன். அந்த மருந்து கிடைக்காமல் உடம்பு படுத்திய பாடுதான் அது, வயிறு தப்பியது.

வார்டே ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது, நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் பாடம் நழுவிவிட்டது. டாக்டர் கேட்ட கேள்வியில் 'கெட்ட' இல்லை. அதைப் போட்டது நான். கெட்ட பழக்கம் உண்டா என்று கேட்டால் எந்தப் பெண்டாட்டி ஆமாம் என்பாள்? பதில் வரும் வழியைக் கேள்வியிலேயே அடைத்துவிட்டு, பதில் வரவில்லை என்று நின்றிருக்கிறேன். அதை அப்போதே யோசித்திருந்தால் மாலாவின் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

மாலாவின் வீட்டுக்காரன் சங்கரன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆன சமயம். மாதக்கணக்கில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாயெல்லாம் வெள்ளையாகப் புண். கட்டிலில் கிடந்தால் போர்வை மட்டும் கிடப்பது போல இருக்கும். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவன் அம்மா ஆவுடையம்மாள் ஓடி வந்திருந்தார். தமிழைத் தவிர ஒரு சொல் தெரியாது. கல்கத்தாவின் டிராமையும் ஆட்களையும் மஞ்சள் டாக்ஸியையும் திட்டுவதெல்லாம் தமிழில்தான். டாக்ஸிக்காரனும் திரும்பித் திட்டுவான். இரண்டு பேருக்கும் மனத்தாங்கல் இருக்காது.

மாலாவோ ஆற்றுக்கு அக்கரையில் சாந்த்ராகாச்சி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். படித்தது வங்காளப் பள்ளி. அவள் தமிழ் பேசினால் வங்காளிப் பெண் ஆசைப்பட்டுத் தமிழ் பழகுகிற மாதிரி இருக்கும். அவளை நான் வார்டில் பார்த்ததே இல்லை. மாசமாக இருக்கிறவள் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது, சாவு விழுகிற இடம் என்று மாமியார் கட்டளை.

சங்கரனுக்கு என்ன நோய் என்று வார்டில் யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கூட்டுகிறவள் அவன் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போவாள். சாப்பாடு கொண்டுவருகிறவள் தட்டைத் தரையில் வைத்துக் காலால் தள்ளுவாள். நான் கையில் உறை போட்டுக்கொண்டு அவன் உடம்பைத் துடைப்பேன். நாள்தோறும் அதற்கென்று இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வருவார்கள்.

ஒரு காலையில் டாக்டரம்மா ஆவுடையம்மாளைக் கூப்பிட்டார். சின்ன வயதுக்காரர், கண்ணாடி, எப்போதும் ஓட்டம். கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று என்னிடம் வங்காளத்தில் சொன்னார். முதலில் நோயின் பெயர். ஆம்பளை பொம்பளை சேர்க்கையில் வரும், ஊசியில் வரும், ரத்தத்தில் வரும் என்றார். மனைவிக்கும் இருக்கலாம், அவளை இந்த வாரமே கூட்டிவந்து ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். அவளுக்கு இருந்தால் பிரசவ வலி எடுக்கும்போது ஒரு மாத்திரை, பிறந்ததும் பிள்ளைக்குச் சொட்டு மருந்து. பிள்ளைக்குப் போகாமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்றார்.

நான் திரும்பினேன். எதிரில் ஆவுடையம்மாள். நெற்றி நிறைய திருநீறு, இடுப்பில் ஒரு தூக்குவாளி, என் பக்கத்து ஊர்ப் பேச்சு. சுற்றிலும் பத்துக் கட்டில். உங்கள் மகன் வேறு பெண்ணிடம் போயிருக்கிறான் என்பதை அவரிடம் நான் எந்தச் சொல்லில் சொல்ல? அந்தக் காரியத்துக்கு என்னிடம் தமிழில் இரண்டு வகைச் சொல்தான் இருந்தது. ஒன்று குழாயடியில் சண்டை போடுகிற சொல், இன்னொன்று கோவிலில் கதை சொல்கிறவர் பூசி மெழுகுகிற சொல். நடுவில் சாதாரணமாக ஒன்று இல்லை. வங்காளத்தில் என்றால் எதையும் பேசிவிடுவேன். அது வெளியே போட்டுக்கொண்டு நடக்கிற செருப்பு. தமிழ் வீட்டுக்குள் பேசுவது. செருப்போடு எப்படி உள்ளே நுழைவது?

"ரத்தத்துல ஏதோ கிருமியாம் அக்கா" என்றேன். "நல்ல ஆகாரமா குடுக்கணுமாம். மருமகளையும் ஒருக்க கூட்டிட்டு வரச் சொல்லுதாங்க, சும்மா பாக்கதுக்கு."

"மாசமா இருக்கவள இங்கயா? நல்லாருக்குளா! சும்மா பாக்கதுன்னா டாக்டரம்மா வீட்டுக்கு வந்து பாக்கட்டும், காபி போட்டுத் தாரேன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்து, "புஜேசேன் தோ?" என்றார். புரிந்துகொண்டார்கள் அல்லவா என்று அர்த்தம்.

"ஆமாம், புரிந்துவிட்டது" என்றேன்.

அவர் கட்டிலில் மாட்டியிருந்த அட்டையில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினார். எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் அது என்ன வரி என்று தெரியும்: வீட்டாரிடம் சொல்லியாகிவிட்டது. என் வாய்ச்சொல்லை நம்பி எழுதிய வரி. அதற்கப்புறம் யாரும் மறுபடி சொல்ல மாட்டார்கள்.

இந்த ஒன்றை மட்டும் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நோயாளிக்குப் புரிந்ததா என்று டாக்டர் கேட்டால் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் புரிதலுக்கு நாம் ஜாமீன் நிற்க முடியாது.

பத்து நாளில் சங்கரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பகலில் பார்த்துக்கொள்ள ஆவுடையம்மாள் என்னையே வரச் சொன்னார், வார்டில் லீவு சொல்லிவிட்டுப் போனேன். துறைமுகக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. அங்கேதான் மாலாவை முதலில் பார்த்தேன். வயிற்றின் மேல் ஒரு தட்டு வைத்துக்கொண்டு புளிப்பு மாங்காய் தின்றுகொண்டிருந்தாள்.

"மாஷி, மேஜை தேவையில்லை பாருங்க" என்று வங்காளத்தில் சொல்லிச் சிரித்தாள்.

நான் சிரிக்காமல் போய் வாளியைத் துலக்கினேன். ஏற்கெனவே துலக்கிய வாளி. அந்த வீட்டில் எனக்கு உட்காரவே முடியவில்லை. துடைத்த தரையைத் துடைப்பேன், மடித்த துணியைப் பிரித்து மடிப்பேன். வீட்டுக்குத் திரும்பும்போது இரண்டு நிறுத்தம் முன்னாலேயே டிராமிலிருந்து இறங்கி நடப்பேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று காலையில் போவேன். மாலா, "இவருக்கு என்னதான் மாஷி, எல்லாரும் ஒரு மாதிரி பேசுறாங்க" என்று கேட்பாள். "ரத்தத்துல கிருமி" என்று சொல்லிவிட்டு வாளியைத் தேடிப் போவேன்.

ஒரு மத்தியானம் உடம்பு துடைக்கும்போது சங்கரன் பேசினான். சங்கரன்கோவில் பிள்ளை, என்னிடம் எப்போதும் தமிழ்தான் பேசுவான். அன்றைக்கு வங்காளத்தில் ஆரம்பித்தான். கல்யாணத்துக்கு முன்னால் துறைமுக லாட்ஜில் தங்கியிருந்த காலத்தைச் சொன்னான். ஒரு டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னாராம், போகவில்லையாம். அதற்குள் வீட்டில் பெண் பார்த்துவிட்டார்களாம். இதெல்லாம் ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னான். முடித்துவிட்டுத் தமிழுக்கு வந்தான்.

"அம்மாட்ட சொல்லிராதீங்க."

"மாலாகிட்ட?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கும் என் வியாதிதான் போல, தமிழில் அதற்கு மேல் வாய் வரவில்லை.

இதற்கிடையில் வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. வளைகாப்பு முடிந்ததும் அன்றைக்கே சாந்த்ராகாச்சியில் அம்மா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு, தலைப்பிரசவம் அங்கேதான். அந்தப் பக்கத்துப் பிரசவ வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் ஆற்றைத் தாண்டிவிட்டால் அந்த மாத்திரையும் இல்லை, சொட்டு மருந்தும் இல்லை. இது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். டாக்டர் எழுதி முடித்துவிட்டார்.

வளைகாப்புக்கு முந்தின நாள் சங்கரனுக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசல் டீக்கடையில் எங்கள் வார்டின் மூத்த நர்ஸ் நின்றிருந்தார். பொடோதி என்றுதான் கூப்பிடுவோம், பெரிய அக்கா. அவர் சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது.  நான் முதன்முதலில் பிணம் குளிப்பாட்டியபோது கூட நின்றவர் அவர்.

"அந்த மதராஸிப் பையனோட மனைவி ரத்தம் குடுக்க வரவே இல்லையே மாஷி?"

நான் டீயை ஊதினேன்.

"நீங்க சொன்னீங்கதானே?"

"வாய் வரலை பொடோதி."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் என் கையிலிருந்த டீயை வாங்கிக் கீழே வைத்தார். "நடங்க. டாக்டர்கிட்ட இதையே சொல்லுங்க, ஒரு வார்த்தை மாத்தாம."

"வேலை போயிடுமே."

"போகலாம். நடங்க."

டாக்டரம்மாவிடம் சொன்னேன். நான் சொல்லவில்லை, புரிந்தது என்று பொய் சொன்னேன் என்றேன். அவர் முகம் சிவந்தது. "நான் எழுதிவிட்டேனே" என்றார், இரண்டு தடவை. அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்தப் பெண்ணிடம் நோயைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். அது என் வேலை. மாமியாரிடம் நான் சொன்னது முழுவதையும் சொல்லுங்கள். எப்படியாவது அவளை நாளைக்கு இங்கே கொண்டுவாருங்கள்" என்றார்.

மறுநாள் காலை. வீடு நிறையப் பெண்கள். சாந்த்ராகாச்சியிலிருந்து மாலாவின் அம்மா, குடியிருப்பில் இருந்த தமிழ்க் குடும்பங்கள், பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்மணிகள் இரண்டு பேர். மாலா மனையில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டியிருக்கிறாள், வளையல் ஏறிக்கொண்டிருக்கிறது. நான் சமையலறைக்குள் போனேன். ஆவுடையம்மாள் வாணலியில் புளிக்காய்ச்சல் கிண்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அடுப்ப ஒரு நிமிசம் அமத்துங்க."

"அடி பிடிச்சிரும்ளா. நின்னுக்கிட்டே சொல்லு."

"அன்னைக்கு டாக்டரம்மா சொன்னதுல நான் பாதிக்கு மேல முழுங்கிட்டேன்."

"என்னத்த முழுங்குன?"

"தம்பிக்கு வந்திருக்கது…"

கரண்டி நின்றது. "பேரச் சொல்லாத."

"சொல்லணும்க்கா."

"எனக்குத் தெரியும்ளா!" சத்தம் உயரவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "எங்கூர்ல ஒரு லாரிக்காரன் இப்படித்தான் உருகிச் செத்தான். அவன் வீட்டு வாசல்ல நாய்கூடப் படுக்கல. இங்க வந்த அன்னைக்கு ஒருத்தி எம் பிள்ளை தட்டக் காலால தள்ளுனாளே, அப்பமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. நீ கிருமின்னு சொன்னப்ப, நல்லவேள இவளாவது வாயப் பொத்திக்கிட்டாளேன்னு நெனச்சேன்."

 "அப்ப மாலாட்ட ஏன்க்கா சொல்லல?"

"வளையல் போட்டுக்கிட்டுப் போறவ பிள்ளையோட திரும்பி வருவா. இதக் கேட்டுட்டுப் போறவ வருவாளா? எம் பிள்ளை பொண்டாட்டி மொகம் பாக்காமலா சாகணும்?"

"அது இல்லக்கா. அவளுக்கும் ஒட்டியிருக்கலாம். வயித்துப் பிள்ளைக்கும் போகலாம். ஆனா மாத்திரை இருக்கு. வலி எடுக்கும்போது தாய்க்கு ஒரு மாத்திரை, பெறந்ததும் பிள்ளைக்குச் சொட்டு மருந்து. பிள்ளைக்குப் போகாமத் தடுக்கலாமாம். அவ ரத்தத்தப் பாத்தாத்தான் குடுப்பாங்க."

ஆவுடையம்மாள் என் பக்கம் திரும்பியது அப்போதுதான்.

"மாத்திரை இருக்கா?"

"இருக்கு."

"அன்னைக்கே சொன்னாளா அந்த டாக்டரம்மா?"

"சொன்னாங்க."

கரண்டி பறந்து வந்தது. என் மேல் படவில்லை, சுவரெல்லாம் புளிக்காய்ச்சல். "அந்தப் பேரு எனக்குத் தெரிஞ்ச பேரு. ஊரு ஒலகத்துக்கே தெரிஞ்ச பேரு. தெரியாதது அந்த மாத்திரை ஒண்ணுதான். அதையுமாளா முழுங்குன?"

பிள்ளைகளா, இத்தனை வருஷம் கழித்தும் இந்த இடம் வந்தால் எனக்கு உட்கார முடிவதில்லை. கொஞ்சம் ஜன்னல் பக்கம் நிற்கிறேன். அசிங்கத்தை மறைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் நாம் வாயை மூடுகிறோம். அசிங்கம் எங்கேயும் மறைவதில்லை, தட்டைக் காலால் தள்ளுகிறவளுக்குக்கூட அது தெரியும். கூடவே ஒட்டிக்கொண்டிருக்கிற மருந்துதான் மறைந்துபோகிறது.

ஆவுடையம்மாள் அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். "வளையல் போட்டது போதும். மாலா, எந்தி. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோம்."

பெண்களெல்லாம் ஒரே குரலில் பிடித்துக்கொண்டார்கள். மாலாவின் அம்மா, "என்ன சம்பந்தி இது, மாசமா இருக்கிறவ அங்க போகக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார்.

"நான்தான் சொன்னேன். இப்ப நான்தான் கூட்டிட்டுப் போறேன். நவுருங்க."

டாக்ஸியில் மாலா நடுவில், கை நிறைய வளையல். வண்டி குலுங்கும்போதெல்லாம் அது கலகலவென்று இரையும். "மாஷி, யாராவது ஒருத்தர் சொல்லுங்களேன்" என்று அவள் வங்காளத்தில் கேட்டாள். "டாக்டர் சொல்வார். நான் கூடவே இருப்பேன்" என்றேன். என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் ஒன்றைச் சரியான காரணத்துக்காகச் சொல்லாமல் இருந்தேன்.

டாக்டரம்மா கதவைச் சாத்தினார். மாலாவிடம் வங்காளத்தில் நேராகச் சொன்னார். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் நான் அதைத் தமிழில் ஆவுடையம்மாளுக்குச் சொன்னேன். நடுவில் இல்லாத அந்தச் சாதாரணச் சொற்களை எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. "ஆம்பளையும் பொம்பளையும் படுக்கும்போது" என்று சொன்னேன். கூரை இடிந்து விழவில்லை. ஆவுடையம்மாள் "ம்" என்றார், அவ்வளவுதான்.

மாலா கேட்டு முடித்தாள். டாக்டரைப் பார்க்கவில்லை. மாமியாரைப் பார்த்துத் தன் கோணல் தமிழில் கேட்டாள்.

"அத்தை, உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"வந்த அன்னையிலேர்ந்து."

"மாஷிக்கு?"

நான் தலையை ஆட்டினேன். அவள் கையை நீட்டினாள், ரத்தம் எடுத்துக்கொள்ளச் சொல்லி. வளையல்களை முழங்கை வரைக்கும் ஏற்றிப் பிடித்துக்கொண்டது ஆவுடையம்மாள்.

அவளுக்கு இருந்தது.

சாந்த்ராகாச்சிக்குப் போய்விட்டாள். எங்கள் இரண்டு பேரோடும் பேசவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆற்றின் புதுப் பாலம் வழியாக பஸ்ஸில் வந்து சங்கரன் பக்கத்தில் உட்காருவாள். ஆரஞ்சுப் பழம் உரித்து நார் எடுத்து வாயில் வைப்பாள். அவனோடும் பேச்சில்லை. அவன் பார்த்துக்கொண்டே இருப்பான்.

பிரசவத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவன் இறந்தான். குளிப்பாட்டச் சொந்தக்காரர் யாரும் முன்வரவில்லை, அப்படியே கட்டி எடுத்துவிடலாம் என்றார்கள். நானும் ஆவுடையம்மாளும் கையில் உறை போட்டுக் குளிப்பாட்டினோம். மாலாவுக்குப் பிரசவம் ஆகும்வரை சாவைச் சொல்ல வேண்டாம் என்று அவள் அம்மா வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஆவுடையம்மாள் மகன் தலையைத் துவட்டிக்கொண்டே, "அவ புருசன். அவகிட்டச் சொல்லாம வேற யார்கிட்டச் சொல்ல? நீ போயிட்டு வாளா" என்று என்னை அனுப்பினார். போனேன், சொன்னேன். மாலா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னிடம் மறுபடி பேச ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

பிரசவத்துக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தாள். வலி எடுத்ததும் மாத்திரையை நான்தான் தண்ணீரோடு கொடுத்தேன். அவள் விழுங்கினாளா என்று பொடோதி வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தார். பெண் குழந்தை. சொட்டு மருந்து, அப்புறம் டப்பா பால், தாய்ப்பாலிலும் ஒட்டலாமாம். தாய்ப்பால் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டு வந்த ஒவ்வொருத்தியையும் ஆவுடையம்மாள் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். பிள்ளைக்கு ஒட்டியிருக்கிறதா என்று உறுதியாகத் தெரிய ஒன்றரை வருஷம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். ஆவுடையம்மாள் ஊருக்குப் போகாமல் காத்திருந்தார். பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தால் என் வீட்டுக் கதவைத் தட்டுவார்.

அந்த நாளும் வந்தது. வெளி நோயாளிப் பகுதி, பெஞ்சில் இருபது முப்பது பேர். அதே டாக்டரம்மா. காகிதத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், சிரித்தார். குழந்தைக்கு இல்லை என்றார்.

நான் தமிழில் சொன்னேன். ஆவுடையம்மாள் அழவில்லை. பேத்தியைத் தூக்கி மாலாவின் மடியில் உட்கார வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏளா, டாக்டரம்மாட்ட இன்னொண்ணு கேளு. இவளுக்கு நான் இன்னொரு கல்யாணம் பண்ணி வைக்கலாமா?"

"அத்தை!" மாலாவின் குரல் அந்தக் கோடியில் இருந்தவர்களைத் திருப்பியது.

"என்ன அத்தை? இருபத்தஞ்சு வயசு. கேளுளா நீ."

பெஞ்சிலிருந்த வங்காளிப் பெண்கள், பாட்டியம்மா என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார்கள். டாக்டரம்மாவும் அதையேதான் கேட்டார். நான் அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன். 

"பண்ணலாம்" என்றார் டாக்டரம்மா. "வருகிறவருக்கு முன்னாடியே எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் என்னை வந்து பார்க்கட்டும். உறை போட்டுக்கொண்டால் அவருக்கு வராமல் பார்த்துக்கொள்ளலாம்." அதையும் தமிழில் சொன்னேன், உறை எங்கே போடுவது என்பது உட்பட. ஆவுடையம்மாள் மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

மாலாவின் முகமெல்லாம் சிவந்திருந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. வங்காளத்தில் படபடவென்று பேசினாள். "மாஷி, இவங்ககிட்டச் சொல்லுங்க. எனக்கு முதல்ல ஒரு வேலை வேணும். கல்யாணம் வேணும்னு தோணினா ஆளை நானே தேடிக்குவேன்."

சொன்னேன்.

ஆவுடையம்மாள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தார். "தேடட்டும். யார் வேண்டாங்கா? எல்லாத்தையும் சொல்லிப்போட்டுத் தேடட்டும்னு சொல்லு. வாயத் தொறக்காம பண்ணி வச்ச கல்யாணம் ஒண்ணு போதும்."